நார்நெரிவு: ஒரு பெயர்ப் பரிந்துரை

மர இறக்கை கொண்ட பழைய விமானங்களின் பராமரிப்புக் குறிப்புகளில் ‘கம்ப்ரஷன் ஃபெயிலியர்’ என வரும் பழுதுக்கு ‘அமுக்க விரிசல்’ என்று முன்மொழியப்பட்டிருப்பதை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. ‘அமுக்கம்’ பொருளளவில் பொருந்துகிறது, முதலில் இடறுவது ‘விரிசல்’. விரிதலிலிருந்து பிறந்த அச்சொல்லைக் கேட்டதும் நாம் ஓர் இடைவெளியை எதிர்பார்ப்போம். இந்தப் பழுதிலோ இடைவெளியே கிடையாது.

இறக்கையின் நீளவாக்கில் ஓடும் ஸ்பார், அதாவது நெடுந்தூலம், பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தால் ஆனது. அம்மரத்தின் நார்கள் இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்குவிசையைத் தாங்குவதில்லை. ஆகவே இறக்கை நுனி நிலத்தில் இடித்துத் தூலம் அளவுக்கு மீறி வளையும்போது, வளைவின் உட்புறத்து நார்கள் முதலில் மடங்கி, ஒன்றையொன்று நெருக்கி நசுங்குகின்றன. விசை நீங்கியதும் தூலம் நிமிர்ந்துவிடும். மரரேகைக்குக் குறுக்கே மயிரிழை போன்ற கோணல்கோடு ஒன்று மட்டும் எஞ்சும். பின்னொரு நாள் அதே இடம் இழுவிசைக்கு உட்பட்டால் சட்டென முறியக்கூடும்.

காய்ந்த மரத்தில் தச்சர் காணும் வெடிப்பு ரேகையை ஒட்டியே ஓடுவது. ‘விரிசல்’ என்று எழுதினால், ஆய்வாளர் அத்தகைய வெடிப்பைத்தான் தேடுவார். நாம் சொல்லும் கோட்டைக் காண, விளக்கைத் தூலத்தின் பரப்போடு ஒட்டிச் சாய்த்து, ரேகையின் திசையில் ஒளியைச் செலுத்த வேண்டும். நேரே அடிக்கும் ஒளியில் அது மறைந்துவிடும். ஸ்ட்ரட், அதாவது இறக்கையைத் தாங்கும் சாய்வுக்கம்பம், தூலத்தோடு சேரும் இணைப்பில் ஒட்டப்பட்ட ஒட்டுப்பலகை முடியும் விளிம்பை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். மேலும், பசை செலுத்திச் சீராக்கலாம் என்ற எண்ணத்தையும் ‘விரிசல்’ தூண்டிவிடும். நசுங்கிய நாரில் பசை புக இடமேது?

‘அமுக்க முறிவு’ என்பதும் சரிவராது; முறிவு அடுத்த கட்டம். சாய்ந்து வளரும் ஊசியிலை மரத்தின் அடிப்புறத்தில் உருவாகும் ‘அமுக்கக் கட்டை’ வேறொன்று, அது வளர்ச்சிக் குறை. அதோடு குழம்பாதிருக்க ‘அமுக்க’ என்ற முன்னொட்டையே இங்கு தவிர்ப்பது நல்லது.

என் பரிந்துரை ‘நார்நெரிவு’. கதவிடுக்கில் விரல் நெரிகிறது என்கிறோம். புருவத்தை நெரித்தான் என்றும் சொல்கிறோம். நசுங்குவதும் மடிப்பு விழுவதும் ஒரே வினையில் அடங்கியிருப்பது இந்தப் பழுதுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை ‘நெரிகோடு’ எனலாம். ‘இழைநெரிவு’ செவிக்கு இனிமைதான். ஆனால் ‘இழை’ கண்ணாடியிழைக்கும் கரியிழைக்கும் போய்விட்டது.

மற்ற இரண்டு பழுதுகளுக்குப் புதுச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து. ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டிப் பூஞ்சை பிடிப்பதற்கு ‘மக்கல்’ போதும். இணைப்பு நெகிழ்வதற்குத் தச்சர் வழக்கிலுள்ள ‘பசைவிடல்’ போதும். 1931இல் கான்சாஸில் இறக்கை பிரிந்து விழுந்த ஃபோக்கர் எஃப்-10 விமானத்தில் ஐயத்துக்கு உள்ளானது இந்தப் பசைவிடலே.

பதிவேட்டில் எழுதிப் பார்த்தேன்: “இடது இறக்கை, முன் நெடுந்தூலம், ஸ்ட்ரட் இணைப்பை அடுத்து நெரிகோடு, நார்நெரிவு உறுதி, தூலத்தை மாற்றும்வரை பறக்கலாகாது.” எந்த இடத்திலும் விளக்கக் குறிப்பு வேண்டியிருக்கவில்லை.