தி ஹூ பாட்டின் ஆர்கன் துடிப்பு: விசிஎஸ் 3-இல் பிடிபடவில்லை

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான தி ஹூவின் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' (1971) பாட்டில் ஆர்கன் துடிக்கிறதே, அதை மூன்று வாரமாகத் துரத்துகிறேன். லௌரி நிறுவன ஆர்கனை, இஎம்எஸ் நிறுவனத்தின் விசிஎஸ் 3 என்ற சிந்தசைசரின் (மின்னணு ஒலியாக்கி) ஃபில்டர் (ஒலியின் சில அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டி) வழியாகச் செலுத்தினார் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் என்பதுவரை தெரியும். என்னிடம் இருப்பது விசிஎஸ் 3-இன் மென்பொருள் வடிவமும் ஓர் ஆர்கன் ஒலிப்பதிவும்தான்.

மூன்றாவது ஆசிலேட்டரின் (அலை உருவாக்கும் பகுதி) வேகத்தைக் குறைத்து, பகுதிகளை இணைக்கும் பலகையில் ஊசி குத்தி ஃபில்டருடன் இணைத்தேன். சதுர அலை வைத்தால் தையல் இயந்திரம்போல ஒரே சீராக வெட்டுகிறது. முக்கோண அலையில் குழைந்துவிடுகிறது. ரெசொனன்ஸை (ஃபில்டரின் ஒத்ததிர்வு) ஏற்றினேன், விசிலடித்தது; வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. பதிவிலோ ஒவ்வொரு துடிப்பும் வெவ்வேறு பிரகாசத்தில் விழுகிறது. பாட்டின் பிற்பகுதியில் ஆர்கன் தனியே ஒலிக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஃபில்டரை இப்படிப் படிப்படியாகத் தாவவைக்க விசிஎஸ் 3 பலகையில் எதை எதனுடன் இணைக்க வேண்டும்?