உதவி: டி.எஸ்.ஐ.ஏ.2-ல் இங்கிலீஷ் 951, எஸ்ஸே 4, கணக்கு 944. ஆகஸ்டில் டூயல் கிரெடிட் எடுக்க முடியுமா?

ஃபிரிஸ்கோ அம்மா

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறோம். மகள் 10ஆம் வகுப்பு முடிக்கப் போகிறாள். வரும் ஆகஸ்டில் 11ஆம் வகுப்போடு சேர்த்துப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் இங்கிலீஷ் 1301, மேத் 1314 (காலேஜ் ஆல்ஜீப்ரா) இரண்டையும் டூயல் கிரெடிட்டாக (பள்ளி, கல்லூரி இரண்டிலும் கணக்கில் சேரும் பாடமாக) எடுக்க ஆசைப்படுகிறாள். கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டெக்சாஸ் தேர்வான டி.எஸ்.ஐ.ஏ.2-ஐப் பள்ளியிலேயே வைத்தார்கள். வந்த ரிசல்ட் இது:

இ.எல்.ஏ.ஆர். (இங்கிலீஷ் வாசிப்பு-எழுத்து) சி.ஆர்.சி. (முதலில் வரும் கொள்குறிப் பகுதி) 951, எஸ்ஸே 4.
கணக்கு சி.ஆர்.சி. 944, டயக்னாஸ்டிக் (சி.ஆர்.சி.-யில் குறைந்தால் தொடரும் கூடுதல் பகுதி) லெவல் 5.

கவுன்சிலர் "நாட் மெட்" என்று மட்டும் சொன்னார். 951 என்பது தேர்ச்சி அளவான 945-ஐ விட அதிகம்தானே, பிறகு ஏன் இங்கிலீஷும் போனது? கணக்கில் லெவல் 5 வந்தால் போதும் என்று ஒரு தோழி சொன்னார். மறுபடி எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? ஆல்ஜீப்ரா I 8ஆம் வகுப்பிலேயே முடித்துவிட்டாள், இந்த வருடம் ஆல்ஜீப்ரா II. பொறியியல் படிக்க எண்ணம். யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

பிளேனோ கணக்கு

அம்மா, பயப்பட ஒன்றுமில்லை. இந்த ரிசல்ட்டில் நிஜமாக விழுந்தது இரண்டே இடம். "நாட் மெட்" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதால்தான் குழப்பம்.

இங்கிலீஷ் தேற இரண்டு வழி. ஒன்று, சி.ஆர்.சி. 945 அல்லது மேலே, கூடவே எஸ்ஸே 5 அல்லது மேலே. இன்னொன்று, சி.ஆர்.சி. 945-க்குக் கீழே வந்தாலும் டயக்னாஸ்டிக் லெவல் 5 அல்லது மேலே, கூடவே எஸ்ஸே 5. இரண்டு வழியிலும் எஸ்ஸே 5 கட்டாயம். மகள் கொள்குறிப் பகுதியில் தேறிவிட்டாள். எஸ்ஸேயில் ஒரு புள்ளி குறைந்ததுதான் தடை.

கணக்குக்கு சி.ஆர்.சி. 950, அல்லது அதற்குக் கீழே வந்தால் டயக்னாஸ்டிக் லெவல் 6. தோழி சொன்ன லெவல் 5 இங்கிலீஷுக்கான அளவு. கணக்குக்கு 6 வேண்டும். இதைப் பலரும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டாம். எஸ்ஸேவை மட்டும் தனியாக எழுதலாம். மையத்தில் பதிவு செய்யும்போதே "எஸ்ஸே மட்டும்" என்று சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் முழு இ.எல்.ஏ.ஆர். தேர்வையும் திறந்துவிடும் வாய்ப்பு உண்டு. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு மாநில அளவில் உச்சவரம்பு கிடையாது. கட்டணம், இடைவெளி நாட்கள் எல்லாம் அந்தந்த மையத்தின் விதி.

ஒரு கேள்வி: 8ஆம் வகுப்பில் எழுதிய ஆல்ஜீப்ரா I ஸ்டார் தேர்வில் (பாட முடிவில் மாநிலம் வைக்கும் தேர்வு) என்ன ஸ்கோர்? தேடிச் சொல்லுங்கள். கணக்குப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடலாம்.

ஃபிரிஸ்கோ அம்மா

நன்றி சார். பள்ளி மாவட்டத்தின் பெற்றோர் போர்ட்டலில் பார்த்தேன். ஆல்ஜீப்ரா I ஸ்டார் 4212. இங்கிலீஷ் II ஸ்டார் இந்த வசந்தத்தில் எழுதியிருக்கிறாள், ரிசல்ட் இன்னும் வரவில்லை.

சுகர்லேண்ட் ஆலோசகர்

அப்படியானால் கணக்குக்குக் கதவு திறந்தே இருக்கிறது. டி.எஸ்.ஐ.ஏ.2 தேறாத பள்ளி மாணவர்களுக்கு, டூயல் கிரெடிட்டுக்கு மட்டும் என்று சில மாற்று அளவுகள் உண்டு:

கணக்குக்கு, ஆல்ஜீப்ரா I ஸ்டாரில் 4000, அதோடு ஆல்ஜீப்ரா II பாடத்தில் தேர்ச்சி. 4212 இருக்கிறது. ஜூனில் ஆல்ஜீப்ரா II தேர்ச்சி டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி மதிப்பெண் பட்டியலில்) ஏறியதும் தகுதி வந்துவிடும்.
இங்கிலீஷுக்கு, இங்கிலீஷ் II ஸ்டாரில் 4000. ரிசல்ட் வந்ததும் முதலில் இந்த எண்ணைத்தான் பாருங்கள்.
இரண்டுக்குமே, எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி./என்.எம்.எஸ்.கியூ.டி. ஸ்கோரும் செல்லும்: வாசிப்பு-எழுத்தில் 460, கணக்கில் 510. ஆனால் அந்தத் தேர்வு அக்டோபரில்தான் நடக்கிறது, ஆகஸ்டுக்கு உதவாது.

இந்தத் தகுதி தானாக வந்து சேராது. கல்லூரியின் டூயல் கிரெடிட் அலுவலகத்துக்கு ஸ்டார் ஸ்கோர் தெரியும் டிரான்ஸ்கிரிப்டை, அல்லது மாநில ஸ்டார் அறிக்கையின் பி.டி.எஃப்.-ஐ நாம்தான் அனுப்ப வேண்டும். போர்ட்டல் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. எந்த ஆவணம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஜூலை கடைசியில் அங்கே கூட்டம் நெரியும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இந்த மாற்று அளவுகள் டூயல் கிரெடிட் வகுப்பில் உட்கார அனுமதி தருகின்றன, அவ்வளவுதான். டி.எஸ்.ஐ. (கல்லூரிப் பாடத்துக்குத் தயார் என்று காட்டச் சொல்லும் மாநில விதி) முடிந்துவிட்டது என்று ஆகாது. பள்ளி முடித்து அதே கல்லூரியிலோ டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகத்திலோ முதலாண்டு சேரும்போது டி.எஸ்.ஐ. கேள்வி திரும்ப வரும். மேத் 1314-ஐ சி கிரேடு அல்லது மேலே முடித்திருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் கணக்கில் டி.எஸ்.ஐ. முடிந்ததாகப் பதிந்துவிடும். ஆனால் அந்தப் பதிவு ஏறியதா என்று பார்ப்பது நம் வேலை. பாடத்தைப் பாதியில் விட்டாலோ டி கிரேடு வந்தாலோ கையில் ஒன்றும் மிஞ்சாது. 12ஆம் வகுப்புக் கடைசியில் தேர்வு மையத்துக்கு ஓடும் பிள்ளைகளில் பலர் இந்த வகையினர்தான்.

அதனால் ஸ்டார் ஸ்கோரை வைத்து ஆகஸ்டில் சேருங்கள். கூடவே எஸ்ஸேவையும் இந்தக் கோடையில் முடித்துவிடுங்கள். இங்கிலீஷ் பூட்டிக் கிடந்தால் இங்கிலீஷ் 1301 மட்டுமல்ல, நிறையப் படிக்க வேண்டிய ஹிஸ்டரி 1301, கவர்ன்மென்ட் 2305 போன்ற வகுப்புகளையும் பல கல்லூரிகள் திறக்க மாட்டார்கள்.

தேர்வு மைய ஆள்

எஸ்ஸே 4 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளிதானே என்று தயாரிக்காமல் மறுபடி போய் உட்கார்ந்தால் அதே 4 தான் வரும்.

இந்த எஸ்ஸேவைத் திருத்துவது கணினி. 1 முதல் 8 வரை மதிப்பெண். தலைப்பை விட்டு விலகினாலோ மிகச் சுருக்கமாக எழுதினாலோ 0. கேட்பது 300 முதல் 600 சொற்கள். சிறு பத்தி ஒன்றைக் கொடுத்து, அதை ஒட்டி ஒரு கேள்வி கேட்பார்கள், நம் நிலைப்பாட்டை எடுத்து வாதாட வேண்டும். அது பார்க்கும் ஆறு கூறுகள்: நோக்கம், அமைப்பு, கருத்தை வளர்த்தல், வாக்கிய வகை, எழுத்துப்பிழை-இலக்கணம், சிந்தனை ஆழம்.

4 வாங்கும் எஸ்ஸேக்களைப் பார்த்தால் இலக்கணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விழுவது கருத்தை வளர்ப்பதில். ஐந்து காரணங்களை ஒவ்வொன்றும் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டு காரணம் போதும், ஒவ்வொன்றையும் இழுத்துப் பேச வேண்டும். உதாரணத்துக்கு, "பள்ளிகள் வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டுமா" என்பது கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். "வீட்டுப்பாடம் மன அழுத்தம் தருகிறது, தூக்கம் கெடுகிறது, விளையாட நேரமில்லை" என்று எழுதினால் மூன்று முழக்கம் வந்துவிட்டது, வாதம் வரவில்லை. தூக்கத்தை மட்டும் எடுங்கள். இரவு 11 மணி வரை பயிற்சித்தாள், காலை 7 மணிக்குப் பள்ளிப் பேருந்து, முதல் பீரியடில் கவனம் சிதறல், அதனால் அன்று நடத்திய பாடமும் போய், அதே பாடத்துக்கு மறுபடி வீட்டுப்பாடம். இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்படி எழுதினால் அதுதான் வளர்த்தல்.

அளவு இப்படி வைக்கலாம். தொடக்கம் 70 சொற்கள், அதன் கடைசி வாக்கியத்திலேயே நிலைப்பாடு. முதல் காரணத்துக்கு 130, இரண்டாம் காரணத்துக்கு 130. எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அது ஏன் போதாது என்பதற்கு 70. முடிவு 40. மொத்தம் 440. எதிர்த்தரப்புப் பத்தியைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். சிந்தனை ஆழம் என்ற கூறுக்கு அதுதான் நேரடியாகத் தீனி போடுகிறது.

எழுத்துப்பிழை திருத்தும் வசதி அந்தத் திரையில் இருக்காது. வீட்டில் பழகும்போதும் அதை அணைத்துவிட்டே எழுதச் சொல்லுங்கள். நேர வரம்பு இல்லை, ஆகவே எழுதி முடித்ததும் முதல் வரியிலிருந்து மெல்லப் படிக்க வேண்டும். கொடுத்த பத்தியின் வரிகளை அப்படியே எடுத்து நிரப்புவது கூடாது. கேள்வியை மறந்துவிட்டு முழுக்க சொந்தக் கதை சொல்வதும் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

ஃபிரிஸ்கோ அம்மா

மிக்க நன்றி. எஸ்ஸேவை நேரே கல்லூரி மையத்தில் எழுத வைக்கலாமா, பள்ளியில்தான் எழுத வேண்டுமா?

தேர்வு மைய ஆள்

எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பெயர், பிறந்த தேதி, மாணவர் எண் மூன்றும் முதல் தேர்வில் இருந்தபடியே இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல் வருகிறது. பள்ளியில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், பாஸ்போர்ட்டில் பெயர் முழுக்க ஒரே கட்டத்தில் இருக்கும், கல்லூரி விண்ணப்பத்தில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். அப்போது கணினி அவளைப் புது ஆளாகக் கணக்கில் எடுக்கும். 951 ஒரு கோப்பிலும் எஸ்ஸே 5 இன்னொரு கோப்பிலும் கிடக்கும், கல்லூரிக்கு இரண்டுமே அரைகுறையாகத் தெரியும். பழைய ஸ்கோர் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போய், அதிலுள்ள பெயரும் எண்ணும் அப்படியே பதிவாகின்றனவா என்று தேர்வு தொடங்கும் முன் திரையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். புகைப்பட அடையாள அட்டை அவசியம். முதல் தேர்வுக்கு முன் செய்யும் ப்ரீ-அசெஸ்மென்ட் ஆக்டிவிட்டியை அவள் பள்ளியில் முடித்திருப்பாள். அதற்கான சான்றையும் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம்.

பிளேனோ கணக்கு

கணக்கையும் எப்படியும் ஒரு முறை எழுதிவிடுவது நல்லது, 944 என்பது மிகப் பக்கம். சி.ஆர்.சி.-யில் 20 கேள்விகள்: ஆல்ஜீப்ரா 7, அளவறி கணக்கு 6, நிகழ்தகவு-புள்ளியியல் 4, வடிவியல் 3. 950-க்குக் கீழே போனால் உடனே 48 கேள்வி டயக்னாஸ்டிக் தொடங்கும். அங்கேதான் பிள்ளைகள் சோர்ந்து கண்டபடி அழுத்துகிறார்கள். நேர வரம்பு இல்லாத தேர்வு இது. இடையில் சேமித்துவிட்டு இன்னொரு நாள் தொடரலாமா என்று கண்காணிப்பாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்விகள் விடையைப் பொறுத்து மாறும். ஒன்றைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. சொந்தக் கால்குலேட்டர் கூடாது. சில கேள்விகளுக்கு மட்டும் திரையிலேயே கால்குலேட்டர் வரும். வராத கேள்விகளில் பின்னமும் எதிர்மறை எண்ணும்தான் காலை வாருகின்றன. மாதிரிக்கு: f(x) = 3 − 2(x − 4) என்றால் f(−1) என்ன? −1 − 4 = −5, −2 பெருக்கல் −5 = 10, விடை 13. அவசரத்தில் 3 − 2-ஐ முதலில் கழித்து 1 ஆக்கி, அதை −5-ஆல் பெருக்கி −5 என்று அழுத்துவார்கள். கொள்குறியில் அந்த −5-உம் ஒரு தெரிவாகக் காத்திருக்கும்.

டயக்னாஸ்டிக் அறிக்கையில் நான்கு பகுதிக்கும் எங்கே பலம், எங்கே பலவீனம் என்று தனித்தனியாக இருக்கும். மற்றதை விட்டுவிட்டு பலவீனமான பகுதியை மட்டும் பயிற்சி செய்தால் போதும். காலேஜ் போர்டின் அக்யூப்ளேசர் பயிற்சித் தளம் இலவசம், அதிலேயே டி.எஸ்.ஐ.ஏ.2-க்கு என்று மாதிரித் தேர்வுகள் உண்டு.

பொறியியல் என்றால் 1314 சரியான தேர்வு. சுலபம் என்று யாராவது மேத் 1332-க்குத் தள்ளினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கால்குலஸ் பாதைக்கு அது உதவாது.

கேட்டி அப்பா

இதே இழையில் ஒரு துணைக் கேள்வி. மகன் 12ஆம் வகுப்பு. எஸ்.ஏ.டி.-யில் வாசிப்பு-எழுத்து 500, கணக்கு 520. கம்யூனிட்டி காலேஜ் போய்ப் பிறகு மாறுவதாகத் திட்டம். டி.எஸ்.ஐ.ஏ.2 எழுத வேண்டுமா?

சுகர்லேண்ட் ஆலோசகர்

இங்கிலீஷுக்கு வேண்டாம். 480 போதும், அவன் 500. எஸ்ஸேவும் தேவையில்லை. கணக்குக்கு 530 வேண்டும், 10 குறைகிறது. இரண்டையும் தனித்தனியாகவே பார்ப்பார்கள், ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகாது. எஸ்.ஏ.டி. போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. எழுதியிருந்தால், 2023 பிப்ரவரி 15-க்குப் பின் எழுதியது என்றால், கணக்கில் 22 இருந்தாலே விலக்கு. இங்கிலீஷும் ரீடிங்கும் கூட்டி 40 வந்தால் அந்தப் பக்கமும் விலக்கு. இந்த ஸ்கோர்கள் ஐந்து வருடம் செல்லும்.

எதுவும் இல்லையென்றால் கணக்கு டி.எஸ்.ஐ.ஏ.2 மட்டும் எழுதட்டும். பள்ளியில் எச்.பி. 5 சட்டப்படி நடத்தும் காலேஜ் ப்ரெப் கணக்கு வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தால் அதிலும் விலக்கு உண்டு, பள்ளி முடித்த நாளிலிருந்து 24 மாதம். ஆனால் அந்த விலக்கை எல்லாக் கல்லூரியும் ஏற்க வேண்டியதில்லை, மாவட்டத்தோடு ஒப்பந்தம் போட்ட கல்லூரிதான் ஏற்கும். மகன் சேரப்போகும் கல்லூரியின் பெயர் அதில் இருக்கிறதா என்று கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடத்திலேயே கணக்குப் பாடம் எடுக்கவும் வேண்டும். தள்ளிப்போட்டால் விலக்கு கைவிட்டுப் போகும்.

கடைசிவரை தேறாவிட்டாலும் சேர்க்கை நிற்காது. 2017-இல் வந்த எச்.பி. 2223-க்குப் பிறகு கோரெக்விசிட் முறை இருக்கிறது. கல்லூரிக் கணக்கையும் அதற்குத் துணை வகுப்பையும் ஒரே செமஸ்டரில் எடுப்பான். கூடுதல் மணிநேரத்துக்குக் கட்டணம் உண்டு, அந்தத் துணை வகுப்பின் கிரெடிட் பட்டத்தில் சேராது. அதனால்தான் இப்போதே 950-க்கு முயல்வது லாபம்.

ஃபிரிஸ்கோ அம்மா

அண்ணா, டூயல் கிரெடிட் மாணவிக்கும் இந்த கோரெக்விசிட் கிடைக்குமா?

சுகர்லேண்ட் ஆலோசகர்

துணை வகுப்பை டூயல் கிரெடிட்டாக எடுக்க முடியாதும்மா. அவளுக்கு ஸ்டார் வழியும் எஸ்ஸே வழியும்தான். ஜூன் ரிசல்ட்டில் இங்கிலீஷ் II 4000 தாண்டினால் அன்றே அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள். தாண்டாவிட்டால் ஜூலை முதல் வாரத்துக்கு எஸ்ஸே தேதி இப்போதே பிடித்து வையுங்கள். இன்னொன்று, மகள் இலவச அல்லது சலுகை மதிய உணவுத் தகுதி உள்ளவளாக இருந்தால், எச்.பி. 8 வழியாக 2023-இல் தொடங்கிய ஃபாஸ்ட் திட்டத்தில், அதில் சேர்ந்த கல்லூரிகளில் டூயல் கிரெடிட் கட்டணமே கிடையாது. அதையும் பதிவின்போதே கேளுங்கள்.