சூழலியல் தத்துவத்தில் முதுகலை: வழிகாட்டுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். அடுத்து சூழலியலைத் தத்துவத்தின் வழியாகப் படிக்க ஆசை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பைமேட்டை ஒட்டியே நீலத் தாழைக்கோழிகள் இரை தேடுகின்றன. வெள்ளநீரைத் தாங்குகிறது என்பதற்காக மட்டும்தான் அந்தச் சதுப்பு நிலத்தைக் காக்க வேண்டுமா? அதற்கென்று தனி மதிப்பு கிடையாதா? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. நார்வே தத்துவவாதி ஆர்னே நேஸ் 1973இல் முன்வைத்த ஆழ்சூழலியலை, அதாவது மனிதருக்குப் பயன்படுகிறதோ இல்லையோ இயற்கைக்குத் தனி மதிப்பு உண்டு என்ற பார்வையை, படித்த பிறகு இன்னும் தீவிரமாகிவிட்டது.

அமெரிக்காவில் மிசூலாவிலுள்ள மொன்டானா பல்கலைக்கழகம், டென்டனிலுள்ள வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். தத்துவத்தில் இளங்கலை இல்லாதவர்களைச் சேர்ப்பார்களா? விண்ணப்பத்தோடு எப்படிப்பட்ட கட்டுரை அனுப்பினீர்கள்? உதவித்தொகை இல்லாமல் என்னால் போக முடியாது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் முடித்துவிட்டுப் போவது நல்லதா? இந்தத் துறையில் படித்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.