விராலுக்கு மண்புழுவா, ரப்பர் தவளையா?

கும்பகோணத்தான்:
அண்ணே, அரசலாற்றில் இத்தனை நாளும் மண்புழு கோத்துத்தான் போட்டேன், கெளுத்தியும் ஜிலேபிக் கெண்டையும் தவிர வேறொன்றும் சிக்கவில்லை. போன வாரம் 250 ரூபாய்க்கு ரப்பர் தவளை வாங்கி மூன்று நாளாக வீசுகிறேன், தோள்தான் வலிக்கிறது. விரால் இதைக் கடிக்குமா?

வெண்ணாற்றுக்கரை:
கடிக்கும் தம்பி, ஆனால் ஓடுகிற தண்ணீரில் வீசி என்ன பயன்? விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், ஆகாயத்தாமரை அடைத்த குட்டையில்தான் கிடக்கும். ரப்பர் தவளையின் தூண்டில் முள் அதன் உடம்போடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. இலைமேல் ஏற்றி, மெதுவாக நழுவவிட்டு, கொஞ்சம் நிறுத்து. தொபுக்கென்று சத்தம் கேட்டதும் பதறி இழுக்காதே, ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுச் சட்டென்று சுண்டி இழு.

பழைய தூண்டில்:
ரப்பரெல்லாம் சரி, ரோகு, கட்லாவுக்கு அது உதவாது, தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டைதான். மேட்டூர் அணை திறந்து கலங்கல் தண்ணீர் வந்தால் கெளுத்தி வாசனையைத்தான் தேடும், அப்போது புழுவை அடிக்க ஆளில்லை.

வெண்ணாற்றுக்கரை:
அப்புறம் தம்பி, விராலின் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால் அங்கே வீசாதே. பெற்ற விரால் காவல் நிற்கும், அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரைதான்.

கும்பகோணத்தான்:
சரி அண்ணே, நாளை விடியலில் குட்டைக்குப் போகிறேன்.