லைவ்னெஸ் கணங்களை எதில் வைப்பது? கையாண்டவர்கள் எழுதுங்கள்

மோக்கா மேகம்
மொரிஷியஸில் ரெட்யூய் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்குக் கேட்கிறார்கள், எபெனில் வேலை பார்ப்பவர்களும் கேட்கிறார்கள். கம்பைலரின் ஆப்டிமைசருக்குள் லைவ்னெஸ் கணங்களை (கோடின் ஓர் இடத்தில் இன்னும் தேவைப்படும், அதாவது 'உயிரோடிருக்கும்' மாறிகளின் செட்களை) எதில் வைத்தீர்கள், எத்தனை உறுப்பு, எங்கே உதைத்தது? இந்த மூன்றும் போதும், சுயபுராணம் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். சாதாரண பிட் வெக்டர்: மாறிக்கு ஒரு பிட், 1 என்றால் கணத்தில் இருக்கிறது. 10,000 மாறிகள் என்றால் ஒரு கணத்துக்கு 64 பிட் சொற்கள் 157, அதாவது 1256 பைட். 2000 பிளாக் (நடுவில் கிளை இல்லாத கோட் துண்டு), பிளாக்குக்கு நான்கு கணம் (யூஸ்: மதிப்பு பெறுமுன் படிக்கப்படுபவை; டெஃப்: மதிப்பு பெறுபவை; இன், அவுட்: நுழைவிலும் முடிவிலும் உயிரோடிருப்பவை) என்று பெருக்கினால் சுமார் 10 எம்பி. பெரும்பாலான பிட்டுகள் பூஜ்யம்தான், ஆனாலும் எதுவும் மாறாமல் நிற்கும்வரை ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் அத்தனையையும் கேஷுக்குள் இழுத்தாக வேண்டும்.

எபென் எட்டாம் மாடி
அண்ணே, கட்டமைப்பை மாற்றுமுன் மாறிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். டெம்பரரிகளில் (கம்பைலர் தானே உருவாக்கும் தற்காலிக மாறிகள்) பாதிக்குமேல் ஒரே பிளாக்கில் பிறந்து அங்கேயே முடிந்துபோகும். பிளாக்கின் எல்லையைத் தாண்டுகிறவைக்கு மட்டும் 0 முதல் புதிதாக எண் கொடுங்கள். ஏதாவது ஒரு பிளாக்கில் மதிப்பு பெறுவதற்கு முன்பே படிக்கப்படும் மாறி எதுவோ அதுதான் எல்லை தாண்டுவது. கண்டுபிடிக்க கோட் முழுவதையும் ஒரே ஒரு முறை நடந்தால் போதும்.

அடுத்தது லூப். இன் = யூஸ் ∪ (அவுட் − டெஃப்) என்பதை நகலெடு, கழி, சேர், ஒப்பிடு என்று நான்கு ஃபங்ஷனாக அழைத்தால் அதே நினைவகத்தை நான்கு முறை நடக்கிறீர்கள். ஒரே லூப்பில் சொல்வாரியாகக் கணக்கிட்டு, பழைய சொல்லோடு எக்ஸார் செய்து, விளைவை 'மாறியது' என்ற ஒரே மாறியில் ஆர் செய்துகொண்டே போங்கள். நடுவில் இஃப் வைக்காதீர்கள், வைத்தால் கம்பைலர் அதை வெக்டரைஸ் செய்ய (பல சொற்களை ஒரே கட்டளையில் கணக்கிட) தயங்கும். பிளாக்குகளைப் போஸ்ட்ஆர்டரில் (பின்னால் வருபவை முதலில்) எடுத்தால் சுற்றுகளும் குறையும்.

கத்ர் போர்ன் கணக்கன்
இன்டர்ஃபியரன்ஸ் கிராஃப் (ஒரே நேரத்தில் உயிரோடிருப்பதால் ஒரே ரெஜிஸ்டரைப் பகிர முடியாத மாறிகளை விளிம்பால் இணைப்பது) கட்டும்போது பிளாக்கின் அடியிலிருந்து மேலே நடப்போமே, அந்த ஒற்றை 'லைவ்' கணத்துக்குப் பிட் வெக்டர் சரிப்படாது. ஒவ்வொரு டெஃப்பிலும் உயிரோடிருப்பவர்களை எல்லாம் பட்டியலிட வேண்டும். இருப்பது 30 பேர், தேடுவதோ 157 சொல்லிலும்.

இதற்காகவே பிரெஸ்டன் பிரிக்ஸும் லின்டா டார்க்சனும் 1993-இல் எழுதிய ஸ்பார்ஸ் செட் இருக்கிறது. இரண்டு அரே, ஓர் எண்ணிக்கை, அவ்வளவே. காவடிக்குப் பெயர் கொடுக்கும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: கையிலுள்ள அட்டையில் (ஸ்பார்ஸ் அரே) நோட்டின் வரி எண், நோட்டின் (டென்ஸ் அரே) அந்த வரியில் அட்டை எண். இரண்டும் ஒன்றையொன்று காட்டினால்தான் ஆள் உள்ளே. போன வருட அட்டை யாரிடம் இருந்தாலும் கவலையில்லை, நோட்டு ஒத்துக்கொள்ளாது.

சேர்க்க: டென்ஸ்[எண்ணிக்கை] = எக்ஸ், ஸ்பார்ஸ்[எக்ஸ்] = எண்ணிக்கை, பிறகு எண்ணிக்கையில் ஒன்று கூட்டு.
இருக்கிறதா: ஸ்பார்ஸ்[எக்ஸ்] < எண்ணிக்கை, கூடவே டென்ஸ்[ஸ்பார்ஸ்[எக்ஸ்]] = எக்ஸ்.
நீக்க: கடைசி ஆளை அந்தக் காலியிடத்துக்கு நகர்த்தி, அவருடைய ஸ்பார்ஸைத் திருத்தி, எண்ணிக்கையைக் குறை.
காலி செய்ய: எண்ணிக்கை = 0.

உதைக்கும் இடங்கள் இரண்டு. ஸ்பார்ஸ் அரே அன்சைன்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பை மதிப்பு மைனஸாக வந்து முதல் சோதனையைத் தாண்டிவிடும். நடந்துகொண்டே நீக்குவதானால் பின்னாலிருந்து முன்னால் நடங்கள். முன்னிருந்து நடந்தால் நகர்ந்து வந்த ஆள் விடுபட்டுப்போவார்.

மோக்கா மேகம்
அப்படியானால் பிளாக்குக்கு ஒன்று வைத்துவிடலாமா?

கத்ர் போர்ன் கணக்கன்
கூடவே கூடாது. ஓர் எண்ணுக்கு 32 பிட் இரண்டு, ஆக 10,000-க்கு 80,000 பைட். பிட் வெக்டரைப் போல 64 மடங்கு. ஒன்றே ஒன்று வைத்து, பிளாக் மாறும்போது காலி செய்து மறுபடி நிரப்புங்கள்.

சென்டெனி அக்கா (ரீயூனியன்)
ஒரு குறிப்பு, தம்பி. ஸ்பார்ஸ் அரேயைத் துடைக்கத் தேவையில்லை என்பது கணக்குப்படி சரி, ஆனால் வால்கிரைண்ட் (நினைவகப் பிழை தேடும் கருவி) கத்தும். எல்எல்விஎம் கம்பைலரின் ஸ்பார்ஸ்செட் அதற்காகவே காலாக் (நினைவகத்தைப் பூஜ்யமாக்கித் தரும் ஃபங்ஷன்) பயன்படுத்துகிறது. அதில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: ஸ்பார்ஸ் வழக்கமாக 8 பிட்தான். கணத்தில் 256-க்குமேல் ஆள் சேர்ந்தால் 256 படி தாண்டித் தாண்டிப் பார்க்கும். சிறிய கணங்களுக்கு இது லாபம்.

பிளாக்குக்கு ஒன்று வேண்டும், 1 ஆன பிட்டுகளும் அரிது என்றால் 128 பிட் துண்டுகளைக் கோர்த்த லிஸ்ட். ஜிசிசி கம்பைலரின் பிட்மாப், எல்எல்விஎம்மின் ஸ்பார்ஸ்பிட்வெக்டர் இரண்டும் இந்த வகைதான். கடைசியாகத் தொட்ட துண்டை நினைவில் வைத்திருப்பதால் ஏறுவரிசையில் தொட்டால் வேகம்; தாறுமாறாகத் தொட்டால் லிஸ்ட் முழுக்க அலையும். ஆகவே ஒரே லூப்பில் வாழும் மாறிகளுக்கு அடுத்தடுத்த எண் கொடுங்கள். தாறுமாறாகத்தான் சேர்க்க வேண்டும் என்றால் ஜிசிசியில் அந்தப் பிட்மாப்பைத் தற்காலிகமாக மரமாக மாற்றலாம். யூனியன் செய்யுமுன் லிஸ்டாகத் திருப்பிவிட மறக்காதீர்கள்.

எபென் எட்டாம் மாடி
பாய்ன்டரைச் சாவியாக வைத்த ஹாஷ் செட்டில் நடந்து கோட் உருவாக்காதீர்கள். முகவரி ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், வரிசையும் மாறும், ஒரே சோர்ஸுக்கு இரண்டு விதமான அசெம்ப்ளி வரும். ஏஎஸ்எல்ஆரை (ஓட்டத்துக்கு ஓட்டம் முகவரிகளை மாற்றும் ஓஎஸ் வசதி) அணைத்ததும் வித்தியாசம் மறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 'இருக்கிறதா' என்று கேட்க மட்டும் என்றால் ஹாஷ் பரவாயில்லை. நடக்க வேண்டுமானால் செட்வெக்டர் (சேர்த்த வரிசையிலேயே நடக்கும் செட்).

கத்ர் போர்ன் கணக்கன்
இன்டர்ஃபியரன்ஸ் கிராஃபின் முக்கோண மேட்ரிக்ஸை (ஒவ்வொரு ஜோடி மாறிக்கும் ஒரு பிட்) பற்றி யாரும் எழுதவில்லை. 10,000 மாறிக்கு 49,995,000 பிட், சுமார் 6.25 எம்பி, தாங்கும். பிட்டின் இடம் j(j−1)/2 + i, இதில் i < j. பெருக்கலை 32 பிட் அன்சைன்டில் செய்தால் j = 65,537-இல் சத்தமில்லாமல் வழிந்து வேறொரு ஜோடியின் பிட்டில் போய் நிற்கும். அந்தப் பிட் ஏற்கெனவே 1 என்றால் 'இந்த விளிம்பு இருக்கிறது' என்று நம்பி அண்டைப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும் இருவருக்கு ஒரே ரெஜிஸ்டர். சிறிய டெஸ்டுகளில் இது தென்படவே படாது. பெருக்குமுன் 64 பிட்டாக மாற்றுங்கள்.