ஒரே வியாழன், ஒரே சீரியல்: ஒரு செய்தியில் டிஆர்பி சரிவு, இன்னொன்றில் உயர்வு. எது சரி?

எட்டரைமணி:

சீரியல் பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால் சொல்லவில்லை. ராத்திரி ப்ரைம் டைமில் திங்கள் முதல் சனி வரை வருவது, அவ்வளவு போதும். போன வியாழக்கிழமை அதைப் பற்றி மூன்று செய்திகள் கண்ணில் பட்டன.

ஒன்று, 9.62-இல் இருந்து 8.95-க்குச் சரிந்துவிட்டது, சீக்கிரமே எண்ட் கார்டு என்கிறது. இன்னொன்று, 8.81-இல் இருந்து 8.95-க்கு ஏறியிருக்கிறது, புது ட்ராக் வொர்க் அவுட் ஆகிவிட்டது என்கிறது. மூன்றாவது, "5,370 பேர் பார்த்து முதலிடம்" என்று போட்டிருக்கிறது. தமிழ்நாடு முழுக்கவே 5,370 பேர்தானா?

மூன்றுமே டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் பட்டியலைப் பார்த்து எழுதியதாகத்தான் சொல்கின்றன. இதை வைத்து ரசிகர் பக்கங்களில் நாலு நாளாகச் சண்டை. கதை எழுதுபவரையும் நாயகியையும் திட்டாத ஆள் பாக்கியில்லை. எந்த எண்ணை எதோடு ஒப்பிட வேண்டும்? ஓடிடியில் பார்ப்பவர்களும் இதில் சேர்த்தியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீட்டர்பெட்டி:

மூன்று செய்தியும் இந்த வாரத்துக்கு எடுத்திருப்பது ஒரே எண்தான். குழப்பம் மற்ற இடங்களில் இருக்கிறது.

மூன்றாவது செய்தியை முதலில் முடித்துவிடலாம். பார்க் தன் தளத்தில் வாராவாரம் போடும் மொழிவாரிப் பட்டியலில், எண்கள் இருக்கும் நெடுவரிசையின் தலையில் 'ஆயிரங்களில்' என்று ஒரு குறிப்பு உண்டு. அதைப் படிக்காமல் விட்டிருக்கிறார்கள். 5,370 என்றால் 5,370 ஆயிரம், அதாவது 53.7 லட்சம்.

ஆனால் 53.7 லட்சம் பேர் பார்த்தார்கள் என்று எழுதினாலும் தப்புதான். அந்த எண்ணின் பெயர் ஏஎம்ஏ, ஒரு நிமிடத்துக்கான சராசரிப் பார்வையாளர்கள். ஒரு தெருவில் முப்பது பேர் என்று வையுங்கள். எபிசோடு அரை மணி. பத்துப் பேர் முழுசாகப் பார்த்தார்கள், இருபது பேர் ஆளுக்கு ஆறு நிமிடம் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றிவிட்டார்கள். பத்துப் பேரின் நிமிடங்கள் 300, இருபது பேரின் நிமிடங்கள் 120, ஆகமொத்தம் 420. அதை 30 நிமிடத்தால் வகுத்தால் 14. ஏஎம்ஏ 14. ஒரு நிமிடமாவது பார்த்தவர்கள் 30 பேர், அதற்குப் பெயர் ரீச். சேனல் போஸ்டரில் வரும் பெரிய எண் பெரும்பாலும் ரீச். பட்டியலில் இருப்பது ஏஎம்ஏ. போன வாரப் போஸ்டரையும் இந்த வாரப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து "பாதியாகக் குறைந்தது" என்று எழுதுபவர்கள் செய்யும் பிழை இதுதான்.

ஒரு மணி நேர மகாசங்கமம் போட்டால் எண் இரண்டு மடங்காகும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். சராசரி என்பதால் நேரத்தை நீட்டினால் எண் ஏறாது. இரண்டாவது அரை மணியில் ஆட்கள் எழுந்து போனால் இறங்கத்தான் செய்யும்.

இனி 8.95. இது டிவிஆர், செய்திகளில் டிஆர்பி என்று வருவது. ஏஎம்ஏவை அந்தச் சந்தையில் டிவி உள்ள வீடுகளின் மொத்த ஆட்களால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். கணக்குக்காக மொத்தம் 6 கோடி என்று வைத்துக்கொண்டால், 53.7 லட்சம் என்பது 8.95. முந்தைய வாரப் பட்டியலில் இதே சீரியலுக்கு 5,286 என்று இருந்தால் அதே கணக்கில் 8.81 வரும். அப்படியானால் இரண்டாவது செய்தி ஒப்பிட்ட விதம் சரி. ஆனால் 84 ஆயிரம், அதாவது ஒன்றரை சதவீதம் கூடியதை வைத்து "புது ட்ராக் வொர்க் அவுட்" என்று எழுதியது சரியில்லை.

முதல் செய்தியின் 9.62 எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். பார்க் பொதுவில் தருவது தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டும் சேர்ந்த சந்தைக்கு, நகரமும் கிராமமும் சேர்த்து, 2 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் கணக்கில் எடுத்த எண். சந்தா கட்டிய சேனல்களும் விளம்பர நிறுவனங்களும் அதே தரவை எப்படி வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம்: நகரம் மட்டும், பெண்கள் மட்டும், 15 வயதுக்கு மேல் மட்டும். அந்த அட்டவணைகள் படமாகக் கசிந்து வாட்ஸ்அப்பில் சுற்றும்போது, எந்த வெட்டு என்று சொல்லும் மேல்வரி கத்தரிக்கப்பட்டிருக்கும். நகரம் மட்டும் உள்ள பழைய எண்ணையும் நகரம், கிராமம் சேர்ந்த புது எண்ணையும் கழித்தால் இல்லாத சரிவு ஒன்று பிறக்கும். இரண்டு வாரத்துக்கும் சந்தை, நகரமா கிராமமா, வயது இந்த மூன்றும் எழுதப்படாத ஒப்பீட்டை எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

வியாழன்பட்டியல்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: தேதி. பார்க் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். எண் வெளிவருவது அடுத்த வியாழன்.

நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். 2025 நவம்பர் 1 சனி. அந்த வாரம் நவம்பர் 7 வெள்ளியோடு முடிந்தது. பட்டியல் நவம்பர் 13 வியாழன். இப்போது ஒரு சீரியலில் கல்யாண ட்ராக் நவம்பர் 3 திங்கள் ஆரம்பித்து, நவம்பர் 8 சனிக்கிழமை தாலி கட்டுகிறார்கள் என்று வையுங்கள். நவம்பர் 13 பட்டியலில் அந்தத் தாலி கட்டும் எபிசோடு இல்லவே இல்லை! சனிக்கிழமை எபிசோடு அடுத்த வாரக் கணக்கு, நவம்பர் 20-ஆம் தேதிதான் தெரியும். அதற்குள் "கல்யாணமும் காப்பாற்றவில்லை" என்று 13-ஆம் தேதியே செய்தி வந்துவிடுகிறது. வாரம் முழுக்க இழுத்துச் சனிக்கிழமை வெடிக்கிற மாதிரி கதை அமைக்கிற சீரியல்கள் எல்லாவற்றுக்கும் இந்த அநியாயம் நடக்கிறது.

வியாழக்கிழமை பார்க்கிற எண் ஆறு நாளுக்கு முன்னால் முடிந்த வாரத்தோடது. நேற்றைய ப்ரோமோவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

எட்டரைமணி:

சனிக்கிழமை விஷயம் இத்தனை நாள் தெரியாமல் போச்சே. அப்போ இன்னொன்று கேட்கிறேன். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 0.05தான் வித்தியாசம், அதற்கே "மகுடம் பறிபோனது" என்று தலைப்பு. 0.05-க்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

மீட்டர்பெட்டி:

கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

நாடு முழுக்கச் சுமார் 58,000 வீடுகளில்தான் பார்க் அமைப்பின் மீட்டர். டிவி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. கிட்டத்தட்ட நாலாயிரம் வீட்டுக்கு ஒரு வீடு. சேனல் ஒளிபரப்பும் ஒலியிலேயே காதுக்குக் கேட்காத ஒரு அடையாளம் பதிந்திருக்கும், மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். டிவி முன்னால் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன். பாட்டி வந்து உட்கார்ந்தால் பாட்டியின் பட்டனை அழுத்த வேண்டும், எழுந்து போனால் மறுபடி அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் பாட்டி கணக்கில் வரமாட்டார். எல்லாச் சேனலுக்கும் இந்தப் பிசகு பொது என்பதால் வரிசை பெரிதாகப் புரளாது, ஆனால் புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இலக்கத்தை நம்புகிற அளவுக்கு இது துல்லியமான கருவி இல்லை.

மாதிரிப் பிழையையும், அதாவது எல்லாரையும் அளக்காமல் சிலரை மட்டும் அளப்பதால் வரும் பிழையையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சந்தையில் 10,000 பேர் மாதிரி, அதில் 8 சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று உதாரணத்துக்கு வையுங்கள். 0.08 பெருக்கல் 0.92 வகுத்தல் 10,000, அதன் வர்க்கமூலம் 0.0027, சதவீதத்தில் 0.27. இருபதில் பத்தொன்பது தடவை உண்மையான எண் 7.5-க்கும் 8.5-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். ஒரே வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்ப்பதால் நிஜத்தில் பிழை இன்னும் கொஞ்சம் கூடும். இதில் 0.05 எந்த மூலைக்கு?

வாரத்துக்கு வாரம் ஒப்பிடும்போது நிலைமை கொஞ்சம் தேவலை. மீட்டர் வீடுகள் பெரும்பாலும் அதே வீடுகள்தான், ஆண்டுக்குக் கால்வாசி மாற்ற வேண்டும் என்பது 2014 அரசு வழிகாட்டுதல். அதனால் ஒரே சீரியல் தொடர்ந்து நாலு வாரம் ஒரே திசையில் நகர்ந்தால் அதை நம்பலாம். ஒரு வாரத் தாவலுக்கு ஐபிஎல், பண்டிகை, மழையில் கரண்ட் கட் என்று கதைக்கு வெளியிலேயே நூறு காரணம் இருக்கும்.

திரைக்குப்பின்:

எழுதுகிறவர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். பொதுவில் கிடைப்பது முதல் ஐந்து நிகழ்ச்சிகள்தான். தமிழில் கயல், சிங்கப்பெண்ணே, மூன்று முடிச்சு, சிறகடிக்க ஆசை என்று அந்த ஐந்துக்குள்ளேயே மாறி மாறி வந்துகொண்டிருந்த காலம் உண்டு. ஆறாவது இடத்தில் இருப்பதைப் பற்றி எழுத அதிகாரபூர்வமாக ஒரு எண்ணும் கிடையாது. வாசகர் கேட்கிறார், கையில் இருப்பது கசிந்த படம் ஒன்றுதான். சேனல்களும் தங்களுக்குச் சாதகமான வெட்டை மட்டும் எடுத்து "ஸ்லாட் லீடர்" என்று போஸ்டர் அடித்துத் தருகின்றன.

இதில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் பழைய ராமாயணம் தொடரை மறு ஒளிபரப்பு செய்தது. ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்ததாகவும், உலகிலேயே அதிகம் பேர் பார்த்த பொழுதுபோக்கு நிகழ்ச்சி அதுதான் என்றும் மாதக் கடைசியில் அறிவித்தது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் அப்படியே போட்டன. கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி எபிசோடின் 1.93 கோடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அந்த 1.93 கோடி அமெரிக்காவில் மட்டும், ஒரு கட்டணச் சேனலும் அதன் செயலியும் சேர்ந்து, ஒரே இரவில். நாடு வேறு, அளக்கும் முறை வேறு. உலக சாதனை என்பதும் நிற்கவில்லை: 1983 பிப்ரவரி 28 அன்று மாஷ் தொடரின் கடைசி எபிசோடை அமெரிக்காவில் பார்த்தவர்கள் சுமார் 10.6 கோடி. ராமாயணத்துக்குக் கிடைத்த வரவேற்பு நிஜமானது, பிரமாண்டமானது. அதற்கு இந்த ஒட்டுவேலை தேவையே இல்லை.

வியாழன்பட்டியல்:

ஐந்துதான் கிடைக்கிறது என்பது நியாயம்தான். அப்போ "இது கசிந்த படம், எந்தச் சந்தை என்று தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதுவதில் என்ன கஷ்டம்? அந்த ஒரு வரி இல்லாததால்தான் ஒரு எழுத்தாளர் வாரம் முழுக்க வசவு வாங்குகிறார்.

எண்ட் கார்டு பற்றியும் சொல்லணும். மத்தியானம் வருகிற சீரியலையும் ராத்திரி சீரியலையும் ஒரே பட்டியலில் வைத்து "வெறும் 3 புள்ளி" என்று எழுதுகிறார்கள். மத்தியானம் டிவி போட்டிருப்பவர்களே குறைவு. அந்த நேரத்தில் டிவி பார்ப்பவர்களில் எத்தனை பங்கு இந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அந்த 3 நல்ல எண்ணாகவே இருக்கலாம். அதே ஸ்லாட்டில் முன்னால் ஓடிய சீரியல் எவ்வளவு எடுத்தது, எதிர்ச் சேனல் எவ்வளவு எடுக்கிறது, இந்த இரண்டும்தான் கேள்வி.

திரைக்குப்பின்:

அந்த ஒரு வரி விஷயத்தில் மறுப்பே இல்லை.

ஓடிடி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சேராது. வியாழக்கிழமை எண் டிவி சேனலில் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு மட்டும். ஹாட்ஸ்டாரிலோ சன் நெக்ஸ்ட்டிலோ எத்தனை பேர் பார்த்தாலும் அதில் ஒரு புள்ளி ஏறாது. அதனால் இளைஞர்கள் போனில் பார்க்கும் சீரியல் பட்டியலில் மெலிந்து தெரியும், கமெண்ட்டுகளில் கொழுத்துத் தெரியும்.

பிரிட்டனில் ஏழு நாள் பொறுத்து, பதிவு செய்து பார்த்தவர்களையும் செயலியில் பார்த்தவர்களையும் சேர்த்து இன்னொரு எண் தருவார்கள். அங்கேயும் செய்தி என்னவோ முதல் ராத்திரி எண்ணை வைத்துத்தான். 2024 மே 11 அன்று பிபிசியின் டாக்டர் ஹூ தொடரின் புது சீசன் தொடங்கியபோது முதல் ராத்திரி எண் 26 லட்சம், சரிவு என்று தலைப்புகள் வந்தன. நள்ளிரவிலேயே எபிசோடை பிபிசியின் செயலியான ஐபிளேயரில் விட்டிருந்தார்கள். ஏழு நாள் கணக்கில் அது சுமார் 40 லட்சம். பழைய சீசன்களை விட அதுவும் குறைவுதான், ஆனால் 26 வேறு, 40 வேறு.

எட்டரைமணி:

எல்லாருக்கும் நன்றி. சண்டை போடுகிறவர்களிடம் காட்ட எதையாவது குறித்து வைக்கலாம் என்று இருக்கிறேன். என்னென்ன எழுத வேண்டும்?

மீட்டர்பெட்டி:

ஒரு தாளில் ஐந்து நெடுவரிசை போதும். வாரம் தொடங்கிய சனிக்கிழமை தேதி, அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள ஏஎம்ஏ, அந்த வாரம் எத்தனை எபிசோடு வந்தது, கிரிக்கெட்டோ பண்டிகையோ இருந்ததா, கடைசி நாலு வாரச் சராசரி. டிவிஆரை எழுதாதீர்கள், மொத்த மக்கள் மதிப்பீட்டைக் கூட்டித் திருத்தும்போது ஒருவர்கூடக் குறையாமலே அது இறங்கிவிடும். சீரியல் முதல் ஐந்தில் இல்லாத வாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், கசிந்த படத்தில் இருந்து எடுத்து நிரப்ப வேண்டாம்.

நேரம் மாற்றினால் அங்கே ஒரு கோடு போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எட்டரை மணி எண்ணையும் ஒன்பதரை மணி எண்ணையும் ஒரே சராசரியில் சேர்க்கக் கூடாது.