டெக்கில் வெல்டிங் செய்த இடத்தை ஒட்டியே மீண்டும் விரிசல்: என்ன செய்யலாம்?

கேள்வி:
எனது புல்வெட்டும் இயந்திரத்தின் டெக்கில் (பிளேடுகளை மேலிருந்து மூடும் தகட்டு உறை), நடு ஸ்பிண்டில் (பிளேடைச் சுழற்றும் அச்சு) மாட்டியிருக்கும் போல்ட் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. சென்ற ஆண்டு அதை வெல்டிங் செய்து அடைத்தேன். இப்போது அந்த வெல்டிங் அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் புதிதாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. போல்ட் துளையும் தேய்ந்து நீண்டுவிட்டது. அடிப்புறம் துருப்பிடித்திருந்தாலும் தகட்டில் ஓட்டை இல்லை. டெக்கையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
மாற்ற வேண்டியதில்லை ஐயா. ஆனால் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எத்தனை முறை அடைத்தாலும் தகடு மீண்டும் பிளக்கத்தான் செய்யும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, தடித்த கையுறையோடு பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். பிறகு பிளேடைக் கழற்றி, நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, பிளேடு கிடைமட்டமாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள்.

மறுமொழி 2:
வெல்டிங் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். டெக்கைத் தனியே கழற்றி, ஸ்பிண்டிலையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளைக் கெடுத்துவிடும். தகட்டைப் பளபளக்கும்வரை தேய்த்தபின், விரிசலின் இரு முனைகளிலும் சுமார் 3 மி.மீ. துளை இட்டால் அது மேற்கொண்டு ஓடாது. விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்று நீண்டே இருக்கும் என்பதால், முனையைக் கண்டுபிடிப்பதில் அவசரம் கூடாது. விரிசலைச் சாய்வாகக் குடைந்து, சூட்டில் தகடு நெளியாதபடி சிறு சிறு துண்டுகளாக இடைவெளி விட்டு வெல்டிங் செய்யுங்கள்.

அதன்மேல் எல்லாப் போல்ட் துளைகளையும் மூடும் அளவுக்கு, மூலைகளை உருட்டிய ஒரு தகட்டை வைத்து, துளைகளைப் புதிதாக இடுங்கள். அந்தத் தகடு ஸ்பிண்டில் உட்காரும் பக்கத்தில் வரவே கூடாது. வந்தால் பிளேடின் உயரமும் பெல்ட் ஓடும் மட்டமும் மாறிவிடும்.

கேட்டவர்:
பேரிங்கில் நன்றாகவே ஆட்டம் இருக்கிறது. நான்கு போல்ட்டுகளில் ஒன்று கையாலேயே சுழன்றது. ஸ்பிண்டிலின் அலுமினியக் கூட்டிலும் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. அதையும் வெல்டிங் செய்யலாமா?

மறுமொழி 2:
வேண்டாம், கூட்டைப் புதிதாகவே வாங்குங்கள். அது பிளேடைத் தாங்கும் பாகம்; உடைந்தால் அருகில் நிற்பவர் காலுக்கு ஆபத்து.